தலைக்குள் ஒரு தேரை

நீண்ட இடைவெளிக்குப் பின் இதனை எழுதுகிறேன். ஏன் எழுதுவதில்லை என்று கேட்டு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் நண்பர்கள் பலர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். சோம்பலே காரணம் என்று சிலருக்குப் பதில் எழுதினேன். அது உண்மையன்று. எழுதுவதற்கு ஒரே ஒரு விடயமே இருந்தது. அதில் ஒரு முடிவுக்கு வராமல் எழுதக் கூடாது என்று இருந்துவிட்டேன். இப்பொழுது முடிவு எடுத்தாயிற்று.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிளில் போய்த் திரும்பும்போது பருத்தித்துறை வீதியில் விழுந்தேன். குறுக்கே ஓடிய ஒரு நாயைத் தவிர வேறு எவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. நெற்றியில் காயம். சற்று நேரம் தலை சுற்றியது. அருகில் கச்சான் விற்றுக்கொண்டிருந்தவர்கள் தூக்கி ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார்கள். எங்கள் ஊரவர் இன்றும் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அந்த வைத்தியசாலை, அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக் காலத்தில், 1850இல் தொடங்கப்பட்டது. தலையில் அடி என்பதால் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, இரத்தக் கசிவும் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

“ஐயா, கொஞ்சம் இருங்கோ” என்றார் இளம் வைத்தியர். அவர் குரலில் இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தியாளனாக இருந்தவனுக்கு, ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லத் தயங்குவது முகத்திலேயே தெரிந்துவிடும்.

இடது பக்கத்தில், காதுக்கு மேலே சற்று முன்னால், வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. விழுந்ததற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல ஆண்டுகளாகவே அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்றார். பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் அதன் பெயரைச் சொல்லியது: மெனிஞ்சியோமா. குறுக்களவு 2.2 சென்ரிமீற்றர். ஒரு நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவயதில் எங்கள் ஆச்சி சொன்ன கதை அன்றிரவு நினைவுக்கு வந்தது. தமிழ் வைத்திய மரபில் பலரும் அறிந்த கதைதான். தீராத தலைவலியால் துடித்த ஓர் அரசனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்க்கிறார். மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினால் மூளை சேதமாகும், விட்டால் அரசன் பிழைக்கமாட்டான். அகத்தியரே திகைத்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டுகிறான். தேரை தானாகவே தண்ணீருக்குள் குதித்துவிடுகிறது. அந்தச் சீடனே தேரையர் ஆனார் என்பது கதை. ஆச்சி சொல்லும்போது எனக்குத் தேரை மீதுதான் இரக்கம் வந்தது. இப்பொழுது அரசனின் பக்கமாக நின்று அந்தக் கதையை யோசிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கதையில் ஒரு செய்தி சரியாக இருக்கிறது. மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதன்று. மூளையைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வுகளில் தோன்றி, மூளையின் மேல் உட்கார்ந்து அதனை மெல்ல அழுத்துவது. இதற்கு இந்தப் பெயரை 1922இல் சூட்டியவர் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மிக மெதுவாக வளர்பவை. சில வளர்வதே இல்லை. பெண்களுக்கே அதிகம் வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது.

தலையைப் படம்பிடிக்கும் வசதி வந்திராவிட்டால் என்னைப் போன்ற பலர் இதை அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்திருப்போம். முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.ரி. ஸ்கான் செய்யப்பட்டது 1971 ஒக்டோபர் முதலாம் திகதி, லண்டன் விம்பிள்டனில். அந்தக் கருவியை உருவாக்கிய கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. 2007இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு முடிவைப் பின்னர் தேடிப் படித்தேன். நோயாளிகள் அல்லாத, நடுத்தர வயதும் முதுமையும் அடைந்த 2000 பேரின் தலைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுள் 18 பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். நல்லூர்த் தேரன்று வடம்பிடிக்க நிற்கும் முதியவர்கள் கூட்டத்தில் எத்தனை பேர் தலையில் தேரையோடு நிற்கிறார்களோ என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் சிறிது ஆறுதல் தந்தது.

ஆனால் என் தேரை உட்கார்ந்திருந்த இடம்தான் சிக்கல். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்திலேயே குடியிருக்கிறது. சொல்லைத் தேடி எடுப்பதும் அதனை வாய்க்குக் கொண்டுவருவதும் என் நெல்லிக்காய்க்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தன. கை கால் போய்விடும் என்றிருந்தால் இவ்வளவு அஞ்சியிருப்பேனோ தெரியாது. சொல்லை விற்றுத்தான் நான் சோறு உண்டேன். சொல்லைத் தவிர எனக்கு வேறு காணி பூமி இல்லை.

யாழ்தேவியில் கொழும்புக்குப் போய் ஒரு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரைக் கண்டேன். படத்தை நெடுநேரம் பார்த்தார். சுற்றியுள்ள மூளையில் வீக்கம் இல்லை. வலிப்பு வந்ததில்லை. பேச்சில் குறையில்லை. “இப்ப ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்தில் இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்றார். வெட்டி எடுப்பதில் என்ன அபாயம் என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் அல்லவா, எண் வேண்டும் என்று வற்புறுத்தினேன். அவர் சிரித்தார். “நூறு பேரின்ரை கணக்கு என்னட்டை இருக்கு ஐயா. உங்கடை கணக்கு இல்லை” என்றார்.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை. இரவிரவாகத் தொலைபேசியில் பேசினாள். “அப்பா, வெடிகுண்டைத் தலைக்குள்ளை வைத்துக்கொண்டு எப்பிடி நித்திரை கொள்ளுவியள்?” என்று கேட்டாள். வெடிகுண்டுகளுக்கு நடுவில் பல ஆண்டுகள் நித்திரை கொண்டவன்தானே என்று சொல்ல நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லை. இரண்டாவது அபிப்பிராயம் பெறுவது என்று முடிவாயிற்று. பலாலியிலிருந்து சென்னைக்கு இப்பொழுது நேரே விமானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவர் வைத்தியத்துக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போவது புதிய வழக்கமன்று. வேலூரில் யாக்கோப் சாண்டி 1949இலும், சென்னையில் டொக்டர் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் சத்திரசிகிச்சையைத் தொடங்கிவைத்த நாள்களின் தொடர்ச்சி அது.

சென்னையில் நான் கண்ட நிபுணரும் அனுபவசாலியே. அவர் முற்றிலும் எதிரான கருத்தைச் சொன்னார். “இப்போ உங்களுக்கு 66. நடக்கிறீங்க, சைக்கிள் ஓட்டுறீங்க, சர்க்கரை இல்லை. கட்டி மூளையின் மேற்பரப்பில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு வளர்ந்துபோய் வந்தீங்கன்னா எனக்கு 76 வயசு நோயாளி. அப்போ உடம்பும் தாங்காது, கட்டியும் பெரிசா இருக்கும்” என்றார். முழுமையாக எடுத்துவிட்டால் மீண்டும் வரும் வாய்ப்புக் குறைவு என்றும் விளக்கினார். அதுவும் வெறும் வார்த்தையன்று. 1957இல் டொனால்ட் சிம்சன் என்பவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையில் பேசப்படுவது. கட்டியை அதன் வேரான சவ்வோடும் எலும்போடும் சேர்த்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும், ஒரு பகுதியை விட்டுவைத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மீண்டும் வந்ததாக அவர் கண்டார்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சுவீடன் நாட்டு நிபுணர் லார்ஸ் லெக்செல் உருவாக்கி, 1968இல் முதன்முதலாகப் பயன்படுத்திய காமாக் கத்தி. பெயர்தான் கத்தி. வெட்டுவதில்லை. பல திசைகளிலிருந்து கதிர்களைக் கட்டியின் மீது குவித்து அதன் வளர்ச்சியை நிறுத்த முயல்வது. என்னுடையதைப் போன்ற சிறிய கட்டிக்கு அது பொருந்தும். ஆயினும் வளர்கிறதா என்றே தெரியாத ஒன்றின் வளர்ச்சியை நிறுத்துவதற்குக் கதிர் பாய்ச்சுவது எதற்கு என்று கொழும்பு நிபுணர் கேட்டார்.

ஆக, தகுதி வாய்ந்த இருவர் ஒரே படத்தைப் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னார்கள். இருவரில் ஒருவர் தவறு என்றிருந்தால் வேலை இலகு. இருவருமே சரியாகச் சொன்னார்கள் என்பதுதான் என்னை நித்திரையில்லாமல் செய்தது.

நான் செய்தியாளன். தெரியாததைத் தோண்டிப் பார்ப்பதே பழக்கம். அப்படித் தோண்டியதில் லெனாட் வூட் என்ற அமெரிக்கத் தளபதியின் கதை கிடைத்தது. அவரும் இந்த நோய்க்காரரே. 1910இல் ஹார்வி குஷிங் அவருடைய கட்டியை அகற்றினார். அந்தக் காலத்தில் அது பெரும் சாதனை. வூட் மீண்டும் பணிக்குப் போனார். இராணுவத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1920இல் குடியரசுக் கட்சியின் சனாதிபதி வேட்பாளராக முயன்றார். 1921இல் பிலிப்பைன்சின் ஆளுநர் நாயகமானார். கட்டி மீண்டும் வளர்ந்தது. அறிகுறிகள் தெரிந்தும் பணியை விட்டுவர மனமில்லாமல் நாளைக் கடத்தினார். 1927இல் பொஸ்ரனுக்கு வந்து மீண்டும் குஷிங்கின் கத்திக்குத் தலையைக் கொடுத்தார். அந்த ஓகஸ்ட் 7ஆம் திகதி, சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். அப்பொழுது அவருக்கு வயது 66. என் வயது.

இந்தக் கதையை மகள் கேட்டால் உடனே வெட்டு என்பாள். கொழும்பு வைத்தியர் கேட்டால், இது நூறாண்டுக்கு முந்திய கதை, அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை என்பார். எனக்கு அது வேறொருவரை நினைவூட்டியது.

எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒற்றுப்பிழையை விரலால் தடவிக் கண்டுபிடிப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வோம். 1993ஆம் ஆண்டளவில் அவருக்குத் தலைவலி தொடங்கியது. கண் மங்குகிறது என்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்துப் பார்த்தால் யாருக்குத்தான் கண் மங்காது என்று நாங்களே அவரைத் தேற்றினோம். கொழும்புக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்க வேண்டும். அந்தக் கடலேரியில் எத்தனை பேர் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்தார்கள் என்பதைச் செய்தியாக எழுதியவர்கள் நாங்கள். அவர் மனைவி பயந்தார். மாதங்கள் போயின. கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டி தோடம்பழம் அளவு இருந்ததாம். அதுவும் மெனிஞ்சியோமாதான், புற்றுநோயன்று. வெட்டி எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை. ஒப்புநோக்குநருக்குக் கண் போயிற்று.

அவருக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. யுத்தம் அவருக்காக முடிவெடுத்தது. எனக்கு ரயிலும் விமானமும் இருக்கின்றன, இரண்டு நிபுணர்கள் இருக்கிறார்கள், அழுவதற்கு ஒரு மகள் இருக்கிறாள். இத்தனை இருந்தும் முடிவெடுக்கத் தெரியாமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு நாள் காலை. குசினியில் மனைவி தேங்காய் உடைத்துவைத்திருந்தாள். உதவலாம் என்று போன நான், “அதை எடு” என்றேன். எதை என்றாள். சொல் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, பல் தெரிகிறது, பலகை தெரிகிறது, அம்மா அதில் குந்தியிருந்தது தெரிகிறது. பெயர் மட்டும் வரவில்லை. “திருவலையோ?” என்றாள் அவள். ஓம் என்றேன். பிறகு இருவரும் பேசவில்லை. அவள் தேங்காயைத் திருவிக்கொண்டே இருந்தாள்.

அன்று முழுவதும் நான் வீட்டிலுள்ள பொருள்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். சுளகு, அகப்பை, சிரட்டை, நீத்துப்பெட்டி, மூக்குப்பேணி. எல்லாம் வந்தன. ஆனால் வந்ததில் நிம்மதி இல்லை. 66 வயதில் ஒரு சொல்லை மறப்பது வயதா, தேரையா? உள்ளே இருந்து அதை எப்படி அறிவது?

கொழும்பு வைத்தியரிடம் இதனைச் சொன்னேன். ஒரு சொல்லை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது என்றார். ஆனால் அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரிடம் அனுப்பினார். அவர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடிகிறது என்று எண்ணினார். கதை ஒன்றை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். முடிவில், வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று எழுதித் தந்தார். இனி ஒவ்வொரு முறையும் இதனோடு ஒப்பிடலாம் என்றார். ஒப்புநோக்குதல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த நண்பரின் முகம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்தேன். அதுவரை அவள் எந்தப் பக்கமும் பேசவில்லை. நான் அவளைக் கேட்கவுமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நிபுணர்களைக் கேட்டேன், ரொட்டர்டாமைக் கேட்டேன், இறந்துபோன அமெரிக்கத் தளபதியைக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவளைக் கேட்கவில்லை.

“இஞ்சாருங்கோ, வெட்டுறதோ விடுறதோ எண்டு ஏன் மண்டையை உடைக்கிறியள்? என்ன நடந்தால் வெட்டுறது எண்டதை முதல் எழுதுங்கோ” என்றாள்.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ‘இன்று வெட்டுவதா, என்றுமே வெட்டாமல் விடுவதா’ என்று நானாகவே கேள்வியை அமைத்து, அதற்கு விடை தேடி அலைந்துகொண்டிருந்தேன். ஐரோப்பிய நரம்பியல் புற்றுநோயியல் சங்கத்தின் வழிகாட்டலும் ஏறக்குறைய அவள் சொன்னதையே சொல்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். அறிகுறி இல்லாமல் தற்செயலாகக் கண்ட மெனிஞ்சியோமாவை, ஆறு மாதத்தில் ஒரு முறையும் பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொரு முறையும் படமெடுத்துக் கவனித்து வரலாம் என்கிறது அது. காத்திருத்தல் என்பது அங்கே மறந்திருத்தல் அன்று. நாள் குறித்துக் காத்திருத்தல்.

அன்றிரவே ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஒன்று, அடுத்தடுத்த படங்களில் கட்டி வளர்வது தெளிவாகத் தெரிந்தால் சத்திரசிகிச்சை. இரண்டு, ஒரு வலிப்பு வந்தாலும், சுற்றியுள்ள மூளையில் வீக்கம் தெரிந்தாலும் சத்திரசிகிச்சை. மூன்று, ஆண்டுதோறும் செய்யும் சொல் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் சத்திரசிகிச்சை. எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பேனையை வாங்கி நான்காவதை அவளே எழுதினாள்: ‘உங்கள் பேச்சில் மாற்றம் இருப்பதாக நான் சொன்னால், நீங்கள் மறுக்காமல் வைத்தியரிடம் வர வேண்டும்.’

அந்த நான்காவதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மற்ற மூன்றையும் கருவி சொல்லும், வைத்தியர் சொல்வார். இந்த நான்காவதில் நான் என் சொல்லை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறேன். ஆசிரியர்கள் என் பிரதியை வெட்டியபோதெல்லாம் சண்டை பிடித்தவன் நான். ஆனால் பேச்சைக் கெடுக்கும் நோய், பேச்சுக் கெட்டதை அறியும் அறிவையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். அப்பொழுது என் வாக்குமூலம் செல்லாது. என்னோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் பேசியவளின் வாக்குமூலமே செல்லும். கையெழுத்திட்டேன்.

மகளுக்கு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினோம். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, “அம்மா எழுதினது நல்லாயிருக்கு” என்று மட்டும் எழுதினாள். சென்னை நிபுணருக்கும் எழுதி அறிவித்தேன். தம் கருத்து மாறவில்லை என்றும், ஆனால் நாள் தவறாமல் படம் எடுப்பதாக இருந்தால் இந்த வழியையும் தாம் ஏற்பதாகவும் பதில் வந்தது.

அவர் சொன்ன வாதத்தை நான் வென்றுவிட்டதாக எண்ணவில்லை. எனக்கு 76 வயதாகும்போது அவர் சொன்னதே சரியாகி, இன்று இலகுவாக இருந்தது அன்று கடினமாகலாம். அந்த விலையை அறிந்தே இந்த முடிவை எடுத்தேன். கையில் இருக்கும் சொற்களை இன்றே பணயம் வைக்க நான் தயாராக இல்லை. அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது என் தலையைப் பற்றிய முடிவு. கட்டியின் இடமும் அளவும் வயதும் மாறினால் முடிவும் மாற வேண்டும். தலைவலியும் பார்வை மங்கலும் வலிப்பும் உள்ளவர் எவரேனும் இதனைப் படித்துவிட்டுக் காத்திருக்கலாம் என்று எண்ணினால், ஒப்புநோக்குநராக இருந்த என் நண்பரை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆறு மாதத்துக்குப் பின் எடுத்த படம் வந்துவிட்டது. அதே 2.2 சென்ரிமீற்றர். அடுத்த படத்துக்கு மாசி மாதத்தில் நாள் குறித்திருக்கிறோம். கையெழுத்திட்ட தாள் குசினிச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே தொங்குகிறது. காலையில் தேங்காய் திருவும்போது, “இது என்ன?” என்று திருவலையைக் காட்டிக் கேட்பது மனைவிக்கு வழக்கமாகிவிட்டது. நானும் ஒவ்வொரு நாளும் பதில் சொல்கிறேன்.